கடைசிக் கம்பத்து வீடு

(மூன்றாம் ஆண்டு மாணவன், மின்னியல் மற்றும் மின்னணுவியல் பிரிவு)



ஆண்டு மலருக்கு ஒரு கவிதை தருவதாகத்தான் மலர்க் குழுவிடம் ஒப்புக்கொண்டிருந்தேன். பேனாவை எடுத்து உட்கார்ந்தால் கவிதை வரவில்லை. அப்பாவின் கால்தான் ஞாபகத்துக்கு வந்தது. ஆகவே இந்தக் கட்டுரை. 'இது என்னடா ஆஸ்பத்திரி சமாச்சாரம்' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். இந்தியாவில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடிக்கும் அதிகம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தப் பத்துக் கோடியில் ஒருவர் உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கட்டாயம் இருப்பார். அவருக்கு நாம் செய்யக்கூடிய உதவியும் இருக்கிறது, உபத்திரவமும் இருக்கிறது. நான் உபத்திரவத்தை முதலில் செய்தவன். அதனால்தான் எழுதுகிறேன்.

ராத்திரி இரண்டு மணி

என் அப்பா லேத் பட்டறையில் டர்னர். இருபத்தேழு வருஷ சர்வீஸ். 2022-ல் நான் இங்கே முதலாமாண்டு சேர்ந்த சமயத்தில் அவர் இளைக்க ஆரம்பித்தார். 72 கிலோ இருந்தவர் நாலு மாதத்தில் 63 ஆகிவிட்டார். "என்னண்ணே, பையனுக்கு பீஸ் கட்டி இளைச்சிட்டீங்களா?" என்று தெருவில் கேலி பேசினார்கள். அப்பாவுக்கோ சந்தோஷம். "தொப்பை கரைஞ்சிருச்சு பாத்தியாடா" என்று சட்டையைத் தூக்கிக் காட்டுவார்.

சந்தோஷம் பகலோடு சரி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிடுவார். பாதத்தில் மிளகாய்ப் பொடி தடவினது மாதிரி எரியுது என்பார். ஈரத் துண்டைக் காலில் சுற்றிக்கொண்டு சிமெண்ட் தரையில் பாதத்தைப் பதித்து உட்கார்ந்திருப்பார். போர்வை பட்டால்கூடத் தாங்காது. இதில் வேடிக்கை என்னவென்றால், எரிகிற அதே பாதத்தில் கிள்ளினால் தெரியாது!

பரிசோதனையில் சாப்பிட்டபின் சர்க்கரை 380. அவருக்கு எத்தனை வருஷமாக இருந்ததோ, யாரும் பார்க்கவில்லை. டாக்டர் காலைச் சோதித்துவிட்டுச் சொன்ன வார்த்தை 'நியூரோபதி'. கை கால்களுக்குப் போகிற நரம்புகள் பழுதாவது என்று பொருள். சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியிருக்கிறார்களே, 'நரம்புத் தளர்ச்சியா? வாலிப வயோதிகர்களே!' என்று, அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அந்த லாட்ஜ் வைத்தியரிடம் போய் யாரும் பணத்தைத் தொலைக்க வேண்டாம்.

நம்ம பாஷையில் சொன்னால்

எங்கள் கிராமத்து லைனை நினைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மர் பக்கத்து வீட்டில் டியூப்லைட் பளிச்சென்று எரியும். கடைசிக் கம்பத்து வீட்டில் பல்பு மின்மினிப் பூச்சியாட்டம் இருக்கும். நரம்புக் கோளாறிலும் முதலில் அடிபடுவது கடைசிக் கம்பம்தான். நம் உடம்பில் அது கால் விரல். கீழ் முதுகிலிருந்து கால் விரல் வரை போகிற ஒரு நரம்பிழை கிட்டத்தட்ட 1 மீட்டர் நீளம். அவ்வளவு நீளத்துக்கும் வேண்டிய சரக்கை அனுப்புவது, கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரே ஒரு செல். ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்கில் ஏறியே இருந்தால் அந்த இழை உள்ளுக்குள் கெடுகிறது. நரம்புக்கே ரத்தம் கொடுக்கிற நுண்ணிய ரத்தக் குழாய்களும் அடைபடுகின்றன. நீளமான இழைதான் முதலில் சோர்ந்துபோகிறது. மரமரப்பு விரலில் தொடங்கி, சாக்ஸ் போட்ட மாதிரி மேலே ஏறும். முழங்கால் பக்கம் வரும்போது கை விரல் நுனியிலும் ஆரம்பிக்கும்.

ஒரு திருத்தம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எங்கள் துறைத் தலைவர் என்னைப் பிடித்துக்கொள்வார். நரம்பில் ஓடுவது நம் கம்பியில் ஓடுகிற கரண்ட் போல் அல்ல. வழி நெடுகிலும் சிக்னல் புதிதாக உண்டாக்கப்பட்டுக்கொண்டே போகிறது. பழைய டெலிபோன் லைனில் ரிப்பீட்டர் இருக்குமே, அது மாதிரி. எனவே வோல்டேஜ் டிராப் கணக்கை இங்கே போடாதீர்கள். ஆனால் பால்ட் இரண்டு விதம் என்பது ரொம்பப் பொருத்தம். இழை அறுந்தால் ஓபன் சர்க்யூட், அதாவது மரமரப்பு. கெட்டுப்போன இழை தானாகவே பொய் சிக்னல் அனுப்பினால் எரிச்சல், குத்தல், ஷாக். தீ இல்லாமலே மணி அடிக்கிறது. இன்னொரு பக்கம் தீ பிடித்தாலும் மணி அடிக்கவில்லை. ஒரே பாதத்தில் இரண்டும் இருக்கலாம்.

காலைச் சோதிக்க ஆஸ்பத்திரியில் வைத்திருக்கும் சாமான்கள் நமக்குப் பிடித்த மாதிரி எளிமையானவை. 10 கிராம் அழுத்தத்தில் வளைகிற ஒரு நைலான் இழை. அதைப் பாதத்தில் பல இடங்களில் தொட்டு, 'தெரியுதா?' என்று கேட்பார்கள். நிமிஷத்தில் முடிந்துவிடும். அடுத்தது 128 ஹெர்ட்ஸ் இசைக்கவை. நாம் பிசிக்ஸ் லேபில் தட்டி விளையாடின அதே ஜாதி. மூன்றாவது, பெருவிரலில் ஒரு அதிரும் முனையை வைத்து, அதை இயக்கும் வோல்டேஜை 0-விலிருந்து மெல்ல ஏற்றுகிற கருவி. அதிர்வு எப்போது தெரிகிறதோ அப்போது சொல்ல வேண்டும். ஷாக் எல்லாம் அடிக்காது. 25 வோல்ட்டுக்கு மேல் போனால் காலில் புண் வரும் ஆபத்து அதிகம். அப்பாவுக்கு வலது காலில் 34.

நான் செய்த தப்பு

சர்க்கரைக்கு மாத்திரையும், எரிச்சலுக்கு ராத்திரி போட பிரிகாபலினும் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் அப்பா நன்றாகத் தூங்கினார். எடையும் ஏறியது. 63 கிலோ 70 ஆனது. பிறகு 74. அடுத்த தீபாவளிக்குள் 77. பழைய பேண்ட் ஒன்றும் ஏறவில்லை.

நான் அப்போது இரண்டாம் ஆண்டு. நாலு புத்தகம் படித்துவிட்ட தைரியம். மாத்திரை அட்டைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைப் படித்தேன். பக்கவிளைவு: எடை கூடுதல் என்றிருந்தது. கண்டுபிடித்துவிட்டேன்!

"அப்பா, எரிச்சல்தான் போயிருச்சே. இன்னும் எதுக்கு இந்த மாத்திரை? இதாலதான் நீங்க குண்டாவுறீங்க. இதை நிறுத்திட்டு தினம் காலையில அஞ்சு கிலோமீட்டர் நடங்க. எல்லாம் சரியாயிரும்."

"படிச்ச புள்ள சொல்றான்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு, அன்றைக்கே நிறுத்திவிட்டார்.

இரண்டாம் நாள் ராத்திரி எரிச்சல் திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. வியர்த்துக் கொட்டியது, குமட்டல், பொட்டுத் தூக்கம் இல்லை. இருந்தும் பையன் சொன்னானே என்று விடிந்ததும் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். நாலாம் நாள் நடந்துவிட்டு வந்தவர் பின்னாலேயே வாசலில் இருந்து அடுப்படி வரை ரத்தப் புள்ளி. அம்மாதான் பார்த்தார்கள். பட்டறையில் இருந்து செருப்பில் ஏறிய ஒரு லேத் சுருள் அடிப்பக்கத்தைத் துளைத்துக்கொண்டு பாதத்தில் இறங்கியிருந்தது. அந்தச் சுருள் எவ்வளவு கூர் என்று ஒர்க்ஷாப்பில் கை வைத்த உங்களுக்குத் தெரியும். ஐந்து கிலோமீட்டரும் அதன்மேல்தான் நடந்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை.

ஆறு வாரம் கட்டு. ஆறு வாரம் சம்பளம் கிடையாது. "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்க வேண்டி வந்திருக்கும்" என்றார் டாக்டர். யார் மாத்திரையை நிறுத்தச் சொன்னது என்று கேட்டார். அப்பா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. "நானாத்தான் சார் நிறுத்திட்டேன்" என்றார். அந்த ஒரு பொய்யை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. நானே டாக்டரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. உட்கார வைத்து விளக்கினார். கீழே வருவது பெரும்பாலும் அவர் சொன்னதும், அதன்பின் நான் படித்துத் தெரிந்துகொண்டதும்.

எடை ஏன் இறங்குகிறது, ஏன் ஏறுகிறது?

முதலில் இறக்கம். சர்க்கரை கட்டுப்பாடில்லாமல் இருந்தால் அது சிறுநீரில் வெளியேறும். 1 கிராம் குளுக்கோஸ் 4 கலோரி. ஒரு நாளைக்கு 100 கிராம் போனால் 400 கலோரி சாக்கடைக்குப் போகிறது. சாப்பிட்ட சாப்பாட்டில் ஒரு வேளை பங்கு இது. உடம்பு என்ன செய்யும்? கொழுப்பையும் தசையையும் கரைத்துச் செலவுக்கு எடுக்கும். ஆக, அப்பா சட்டையைத் தூக்கிக் காட்டியபோது தொப்பையோடு தொடைத் தசையும் கரைந்துகொண்டிருந்தது. முயற்சி எதுவும் செய்யாமல் எடை இறங்கினால் அது சந்தோஷப்பட வேண்டிய விஷயமே அல்ல, பரிசோதிக்க வேண்டிய விஷயம்.

இறக்கத்துக்கு வேறு வழியும் உண்டு. வயிற்றுக்குப் போகும் நரம்பு கெட்டால் சாப்பாடு இரைப்பையிலேயே தங்கும். நாலு வாய் சாப்பிட்டதும் நிறைந்துவிடும், குமட்டும். சர்க்கரை அளவும் தாறுமாறாக ஏறி இறங்கும். வலியும் தூக்கமின்மையும் சேர்ந்து மனச்சோர்வு வந்தாலும் சாப்பாடு இறங்காது.

இனி ஏற்றம். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் சாக்கடைக்குப் போன கலோரி உடம்பிலேயே தங்குகிறது. ஆகவே இழந்த எடையில் கொஞ்சம் திரும்புவது குணமாவதன் அடையாளம். அப்பா 63-லிருந்து 70 ஆனதில் பெரும்பங்கு இதுதான். அதற்குமேல் ஏறியதற்கு மாத்திரைகளுக்கும் பங்குண்டு. இன்சுலின், கிளிமிபிரைடு, பயோகிளிட்டசோன் இவை எடையைக் கூட்டக்கூடியவை. மெட்பார்மின் அப்படிக் கூட்டாது. வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின், காபாபென்டின், அமிட்ரிப்டிலின் மூன்றும் பலருக்கு எடை கூட்டும். டுலோக்சிடின் பெரும்பாலும் கூட்டுவதில்லை. மாத்திரையைத் தவிர இன்னொன்றும் இருக்கிறது: கால் வலிக்குப் பயந்து நடமாட்டமே குறைந்துபோவது. பட்டறையிலிருந்து வந்ததும் அப்பா கட்டிலை விட்டு இறங்கியதே இல்லை.

எல்லா ஏற்றமும் கொழுப்பு இல்லை என்பதையும் கவனியுங்கள். பிரிகாபலினும் பயோகிளிட்டசோனும் சிலருக்குக் கணுக்காலில் நீர் கோர்க்க வைக்கும். கட்டை விரலால் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து நிற்கும். மூன்று நாலு நாளில் இரண்டு கிலோ ஏறினால், குறிப்பாக மூச்சு வாங்கினால், அது இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்ட நீராக இருக்கலாம். அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும். 'சாப்பாட்டைக் குறை' என்று உபதேசம் செய்துகொண்டிருக்கக் கூடாது.

மாத்திரை செய்வதும் செய்யாததும்

எரிச்சலுக்கான மாத்திரை நரம்பைச் சரிசெய்வதில்லை. பொய் மணியின் சத்தத்தைக் குறைக்கிறது, அவ்வளவுதான். 'எரிச்சல் போயிருச்சே' என்று நான் சொன்னதில் இருந்த ஓட்டை இதுதான். மணி நின்றது, பால்ட் அப்படியே இருந்தது.

பிரிகாபலினைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. குறைந்தது ஒரு வாரமாவது எடுத்துக்கொண்டு படிப்படியாகக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் வியர்வை, தூக்கமின்மை, குமட்டல், வலி என்று அப்பாவுக்கு வந்த அத்தனையும் வரும். சிறுநீரகம் சரியில்லாதவர்களுக்கு அளவைக் குறைத்துத் தருவார்கள். ஆரம்ப நாட்களில் தூக்கக் கலக்கமும் தலைசுற்றலும் இருக்கும். லேத்தில் நிற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர் என்றால் டாக்டரிடம் தன் வேலையைச் சொல்லியே ஆக வேண்டும். அமிட்ரிப்டிலின் மிகப் பழைய மருந்து, விலையும் குறைவு. வாய் உலரும், மலச்சிக்கல் வரும். பிராஸ்டேட் தொல்லை உள்ள வயதானவர்களுக்குச் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். இதயக் கோளாறு இருந்தால் எச்சரிக்கை தேவை. டுலோக்சிடினுக்கு ஈரல் சரியாக இருக்க வேண்டும். குடிப்பழக்கம் உள்ளவர்கள் அதை மறைக்கக் கூடாது.

இவற்றில் எது சிறந்தது? இங்கிலாந்தில் அமிட்ரிப்டிலின், டுலோக்சிடின், பிரிகாபலின் மூன்றையும் ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு ஒரு ஆய்வு நடந்தது. 2022-ல் வெளியானது. வலி குறைப்பதில் மூன்றும் ஏறத்தாழ ஒன்றே என்று தெரிந்தது. அப்படியானால் ஒருவருக்கு எடை தொந்தரவாக இருந்தால் வேறொன்றுக்கு மாற்ற இடம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்பாவுக்கும் டாக்டர் அதைத்தான் செய்தார். ஒன்றைப் படிப்படியாகக் குறைத்து இன்னொன்றைத் தொடங்கினார். எடை கூடுது என்று முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியிருந்தால் காலில் புண்ணே வந்திருக்காது.

இன்னும் மூன்று விஷயங்கள். ஒன்று, மெட்பார்மின் பல வருஷம் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் இதே மரமரப்பு வரும். சைவம் மட்டுமே சாப்பிடுகிறவர்களுக்குக் குறைய வாய்ப்பு இன்னும் அதிகம். ரத்தத்தில் அளந்து பார்த்துக் கொடுத்தால் சரியாகிற பகுதி இது. இரண்டு, 'நரம்புக்கு நல்லது' என்று கடையில் வைட்டமின் மாத்திரையை இஷ்டத்துக்கு வாங்கி விழுங்காதீர்கள். பி6 அதிக அளவில் நெடுநாள் போனால் அதுவே நரம்பைக் கெடுக்கும். மூன்று, ரொம்ப நாள் 300, 400 என்று இருந்த சர்க்கரையை அவசரமாக இறக்கினாலும் நரம்பு வலி கடுமையாகக் கிளம்பலாம். படிப்படியாக இறக்குவது நல்லது. 'மாத்திரை ஆரம்பிச்சதும்தான் எரிச்சல் ஜாஸ்தியாச்சு' என்று சிலர் நிறுத்திவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

நடக்கலாமா, கூடாதா?

காலில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதிகம் நடக்காமல் இருப்பதே நல்லது என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். இன்று அப்படி இல்லை. புண் இல்லாத பாதம், சரியான செருப்பு, தினசரிச் சோதனை, இந்த மூன்றும் இருந்தால் மிதமான நடை புண்ணை அதிகமாக்குவதில்லை என்று ஆய்வுகள் காட்டிவிட்டன. இத்தாலியில் நாலு வருஷம் தொடர்ந்த ஒரு ஆய்வில், வாரத்துக்கு நாலு மணி நேரம் வேகமாக நடந்தவர்களில் புதிதாக நியூரோபதி வந்தவர்கள் குறைவாகவே இருந்தார்கள். வாரத்துக்கு 150 நிமிஷம் என்பது பொதுவான கணக்கு. அதாவது நாளைக்கு அரைமணி, வாரத்தில் ஐந்து நாள். எடுத்த எடுப்பிலேயே ஐந்து கிலோமீட்டர் என்று நான் சொன்னது மடத்தனம். பத்து நிமிஷத்தில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்ட வேண்டும்.

புண் இருந்தால் கதை வேறு. அந்தக் காலில் எடை விழவே கூடாது. அப்பாவுக்குக் கட்டு இருந்த ஆறு வாரமும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பயிற்சி. தண்ணீர் நிரப்பிய லிட்டர் பாட்டிலைக் கையில் பிடித்து ஏற்றி இறக்குவது, நல்ல காலை நீட்டி மடக்குவது. புண் ஆறியபின் இவற்றைச் சேர்த்தார்கள்:

1. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருதல். இளைத்தபோது போன தொடைத் தசை திரும்ப வர இது வேண்டும்.

2. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குதல்.

3. மேஜையில் ஒரு கை வைத்து ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்றல். பாதத்தில் இருந்து தகவல் வராததால் இவர்களுக்கு இருட்டில் தள்ளாட்டம் வரும். கண் பார்த்துத்தான் சமாளிக்கிறார்கள். ராத்திரி பாத்ரூம் போகிற வழியில் ஒரு சின்ன பல்பு போட்டு வைப்பது நம் டிபார்ட்மெண்ட் வேலை!

ஜாக்கிரதைகளும் உண்டு. இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் நெடுந்தூரம் நடந்தால் சர்க்கரை இறங்கிவிடும். நடப்பதற்கு முன் 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ கட்டாயம். இதயத்துக்குப் போகும் நரம்பும் கெட்டிருந்தால் நாடித்துடிப்பை எண்ணிப் பயன் இல்லை. படபடப்பு, நடுக்கம் என்ற எச்சரிக்கையும் வராமல் போகலாம். அவர்களுக்கு எளிய அளவுகோல்: பேசிக்கொண்டே நடக்க முடிய வேண்டும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கலாம். படுக்கையிலிருந்து சட்டென்று எழாமல், உட்கார்ந்து ஒரு நிமிஷம் கழித்து எழ வேண்டும்.

வேலூர் தந்த செருப்பு

காலில் என்ன செருப்பு என்பதற்கு நம் ஊரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. பால் பிராண்ட் என்ற ஆங்கில டாக்டர் 1914-ல் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று அன்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் உட்கார்ந்து கவனித்தார். நரம்பு செத்து வலி தெரியாததால்தான் சுடுவதும், வெட்டுவதும், மிதிப்பதும் கவனிக்கப்படாமல் விரல் போகிறது என்று நிரூபித்தார். தூங்கும்போது எலி கடித்தும் விரல் போயிருக்கிறது. அதற்காக நோயாளிகளுக்குப் பூனை வளர்க்கக் கொடுத்தார்களாம். அவரும் சகாக்களும் மிருதுவான ரப்பரில் செருப்பு செய்தார்கள். இன்று 'எம்.சி.ஆர். செருப்பு' என்று சர்க்கரை நோயாளிகளும் வாங்கிப் போடுகிறார்களே, அது அந்த வழியில் வந்ததுதான். 1966-ல் அமெரிக்காவுக்குப் போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் கால்களுக்கும் இதே பாடத்தைச் சொன்னார். 2003-ல் காலமானார்.

வலி ஒரு சாபம் என்று நாம் நினைக்கிறோம். வலி தெரியாத காலை ஆறு வாரம் பக்கத்தில் இருந்து பார்த்தவனைக் கேளுங்கள், சொல்வான்.

ஆப்சர்வேஷன் நோட்டு

இப்போது எங்கள் வீட்டில் ஒரு ஆப்சர்வேஷன் நோட்டு இருக்கிறது. லேபுக்கு வாங்கியதில் மிச்சம் இருந்தது. ஐந்து கட்டம் போட்டிருக்கிறேன்: எடை, சர்க்கரை, வலி, நடை, மாத்திரை. எடை வாரம் ஒரு முறை, அதே மெஷின், அதே காலை நேரம். வலிக்கு பூஜ்யத்திலிருந்து பத்து வரை அப்பாவே மார்க் போடுவார். மாத்திரையில் எது மாறினாலும் தேதி போட்டு எழுதுவோம். நாம் லேபில் ஒரு ரீடிங்கை மட்டும் பார்த்து முடிவு எழுதினால் சார் ஒத்துக்கொள்வாரா? எடையை மட்டும் பார்த்து நான் முடிவு எழுதியதுதான் அன்றைய தப்பு. மூன்று பேஸில் ஒன்றை மாற்றினால் மற்ற இரண்டையும் மீட்டரில் பார்க்கிறோமே, அதே போல எடை, பயிற்சி, மாத்திரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். டாக்டர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இருந்தா எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்றார்.

உங்கள் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் நீங்கள் செய்யக்கூடியது:

* தினம் ராத்திரி அவர் பாதத்தை நீங்களே பாருங்கள். விரல் இடுக்கு, குதிகால் வெடிப்பு, சிவப்பு, கொப்புளம். அடிப்பக்கத்துக்கு ஒரு கண்ணாடி போதும்.

* செருப்புக்குள் கை விட்டுத் தட்டிப் பார்த்த பிறகு போடச் சொல்லுங்கள். நம் அப்பாக்கள் ஒர்க்ஷாப் ஆட்கள் என்றால் இரண்டு தடவை தட்டுங்கள். பின்பக்கம் வார் உள்ள செருப்பு நல்லது.

* வெறுங்காலோடு வெயிலில் கோயில் பிரகாரம் சுற்ற விடாதீர்கள். எரிகிற காலுக்கு வெந்நீர் ஒத்தடமும் வேண்டாம். தண்ணீர் சூட்டை உங்கள் கையால் பார்த்துச் சொல்லுங்கள்.

* வருஷத்துக்கு ஒரு முறையாவது நைலான் இழைச் சோதனை கேட்டு வாங்குங்கள். கேட்டால்தான் சில இடங்களில் செய்வார்கள்.

* சர்க்கரைக்கான மருந்து அரசு ஆஸ்பத்திரியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மருந்தும், தேவைப்பட்டவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் கொண்டுவருகிறார்கள். காசில்லை என்று மாத்திரையை விட வேண்டியதில்லை.

* தாளைப் படியுங்கள், சந்தேகம் கேளுங்கள். ஆனால் மாத்திரையை நிறுத்தும் அதிகாரத்தை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.

அப்பா இப்போது 71 கிலோ. எரிச்சல் மார்க் எட்டில் இருந்து மூன்றுக்கு வந்திருக்கிறது. போன மரமரப்பு முழுசாகத் திரும்பவில்லை, திரும்பாது என்றும் சொல்லிவிட்டார்கள். இருப்பதைக் காப்பாற்றுகிறோம். சாயங்காலம் நான் காலேஜ் விட்டு வந்ததும் இருவரும் நடக்கப் போகிறோம். கிளம்புமுன் அவர் செருப்பைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டுவேன். "போதும்டா, ஓட்டை விழுந்திரப் போவுது" என்பார்.

கடைசிக் கம்பத்து வீட்டில் வெளிச்சம் குறைவுதான். இருந்தாலும் அங்கேயும் ஒரு லைன்மேன் தினம் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வர வேண்டும். உங்கள் வீட்டுக்கு அந்த லைன்மேன் நீங்கள்தான், நண்பர்களே!